கிளச் இல்லாத வண்டி

போன்ல என்ன பாக்கறீங்க, வண்டியா? அப்போலேர்ந்து நானும் எட்டி எட்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன். அந்தப் பொண்ணு ஸ்டீரிங்கைப் புடிச்சுட்டு இளிச்சு இளிச்சுப் பேசறாளே, அது ஆட்டோமேட்டிக் வண்டிதானுங்களே? வாங்கப் போறீங்களா? வேண்டாம். அந்தக் காசைக் கொண்டுபோய்ப் பாழுங்கிணத்துல கொட்டினாலும் கொட்டுங்க, அதை மட்டும் வாங்காதீங்க.

இவன் யாரு சொல்றதுக்குன்னு நினைக்காதீங்க. பேரு அத்தியப்பன், ஊரு நாமக்கல் பக்கம். லாரி டிரைவர். பழைய டிரைவர்னு சொல்ல மாட்டேன், டிரைவர்ல என்னங்க பழசு புதுசு? நாக்பூர், கான்பூர், கவுகாத்தி, நான் லோடு இறக்காத ஊரு கிடையாது. பன்னெண்டு சக்கர வண்டியை மலையில ஒத்தைக் கையில திருப்பினவன். இன்னிக்கு பாருங்க, பையைத் தூக்கிட்டு தர்மபுரியில பஸ் ஏறி, எவனோ ஓட்டறான், பின்னாடி உக்காந்துட்டு வர்றேன். எதனால? ஒரு பிக்கப்பு வண்டியால. கிளச்சே இல்லாத ஒரு தரித்திரம் புடிச்ச பிக்கப்பு வண்டியால.

வண்டி என்னுது இல்லைங்க, என் பொண்ணுது. கோகிலவாணி. பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கேன். மாப்ளெ சிவநேசன், பள்ளிக்கூடத்துல கிளார்க்கு. பேனாவைத் தவிர வேற எதையும் தூக்கிப் பழக்கமில்லாத ஆளு. இவ என்ன பண்றா, பட்டுப்புழு யாவாரம். பட்டு இல்லீங்க, புழு. முட்டையை வாங்கிட்டு வந்து பொரிக்க வச்சு, நூல் மாதிரி இருக்கற குஞ்சுப் புழுவுக்குக் கொழுந்து இலையை நறுக்கி நறுக்கிப் போட்டு, ரெண்டாவது தடவை தோல் உரிச்சதும் தட்டு தட்டா அடுக்கி விவசாயிங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும். வெயில் ஏறறதுக்குள்ள போய்ச் சேரணும். வண்டி குலுங்கக்கூடாது. லேட்டாச்சுன்னா பசியில சுருண்டுக்கும். கைக்குழந்தைக்குக்கூட இத்தனை சேவகம் கிடையாதுங்க. நான் வாயை விட்டே கேட்டேன், ஏம்மிணி, படிச்ச படிப்புக்குப் புழுதான் கிடைச்சுதான்னு. சிரிச்சா. எதுக்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு.

அவளுக்கு இடது முட்டியில இரும்புத் தகடு வச்சிருக்கு. மொபெட்டுல போறப்ப மணல்ல சறுக்கி விழுந்ததுல முட்டி தூளாப் போச்சு. அதுலேர்ந்து அந்தக் கால்ல கிளச்சு மிதிக்க முடியாது. மிதிச்சா அப்படியே உசுரு போகுதுங்கறா. அதனால தேடிப் புடிச்சு, பெங்களூர்ல ஒரு காப்பித் தோட்டக்காரன் வச்சிருந்த பழைய வண்டியை வாங்கியிருக்கா. அஞ்சாறு பேரு உக்காரலாம், பின்னாடி தொட்டி. ரெண்டே பெடல். பிரேக்கு, ஆக்சிலேட்டர், அவ்வளவுதான். இவ ஒருத்தியே காலையில இருட்டோட கிளம்பி, ஊரு ஊராப் போய்ப் புழுவைக் கொடுத்துட்டு வந்து, மறுபடி இலை நறுக்க உக்காந்துடுவா. அந்தப் பக்கத்துல அவளைப் 'புழு அக்கா'ம்பாங்க. எனக்குக் கேக்கவே கூசும். ஆனா ஒண்ணு, ஒருத்தன் வீட்டுலயும் புழு சாகக் கொடுத்ததில்லைன்னு ஒரு பேரு.

என் வீட்டுக்காரி தவறினதுக்கு அப்பறம் அவதான் வந்து என்னைக் கூட்டிட்டுப் போனா. நாமக்கல் வீட்ல இனி யாரு இருக்கா, ஒத்தையில கஞ்சி காச்சிக் குடிப்பீங்களா, வாங்கப்பான்னு. போனேன். சும்மா உக்காந்து திங்கற ஆளு நானில்லை. ஓமலூர் மேச்சேரிப் பக்கம் புதுசா ஆளுங்க புழு கேட்டாங்க. தொப்பூர் கணவாய் இறங்கிப் போகணும். அந்த லைனை நான் ஓட்டறேன்னேன். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, அந்தச் சமதரை அவளுக்கு. தொப்பூர் எனக்கு. தொப்பூர்ல நான் எத்தனை ஆயிரம் லோடு இறக்கியிருப்பேன், சொல்லுங்க.

முத நாளே வண்டியில உக்கார வச்சுப் பாடம் எடுக்கறா. எனக்கு! "அப்பா, ஓட்டறதுக்கு டி-யில போட்டா போட்டபடியே விட்டுருங்க. இறக்கத்துல நியூட்ரல் தள்ளாதீங்க. வண்டி முழுசா நின்னப்பறம்தான் பி-யில போடணும். மேட்டுல நிக்கறப்ப பிரேக்கைப் புடிங்க, ஆக்சிலேட்டர்ல தாங்கிட்டு நிக்காதீங்க." சரி சரின்னேன். கிளீனரா ரைட்டு லெஃப்டு சொல்லிட்டுத் திரிஞ்ச வயசுலயே ஸ்டீரிங் புடிச்சவன்கிட்ட, நேத்து முளைச்சது, போன்ல வீடியோ பாத்துட்டு வந்து சொல்லுது.

நியூட்ரல்னா என்னன்னு அவளுக்குத் தெரியாதுங்களா? நல்லாத் தெரியும். எங்க முதலாளி ஒரு லோடுக்கு இவ்வளவு டீசல்னு கணக்குப் போட்டுக் கொடுத்துருவாரு. அதுல எவ்வளவு மிச்சம் புடிக்கறமோ அது டிரைவருக்கு. அதுதான் எங்க படி, எங்க போனஸு, எல்லாம். இறக்கத்தைக் கண்டா நியூட்ரல். வண்டி தன்னால உருளும், எஞ்சின் சும்மா முனகிட்டு இருக்கும், சொட்டு டீசல் போகாது. இவளுக்குக் கட்டின காலேஜ் பீஸு, கல்யாணத்துக்குப் போட்ட நகை, எல்லாம் நான் இறக்கத்துல மிச்சம் புடிச்ச டீசலுங்க. லீவுல வண்டிக்கு வந்தாள்னா கிளீனர் சீட்டுல உக்காந்துட்டு, இறக்கம் தெரிஞ்சதும் "நியூட்ரல்ப்பா!"ன்னு அவளே கத்துவா. கத்திட்டு என் மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பா. அவதான் இன்னிக்கு நியூட்ரல் போடாதீங்கங்கறா. கொழுப்பா இல்லையா?

இந்தா, இந்த டிரைவரைப் பாருங்க. தொப்பூர் ஆரம்பிச்சிருச்சு, இவன் கியர்லயே முக்கிட்டு முக்கிட்டு இறங்கறான். கவர்மெண்ட்டு டீசல்தானே, இவன் அப்பன் வீட்டுக் காசா? ஆமாமா, போர்டு வச்சிருக்கான், நியூட்ரல்ல வராதே, விபத்துப் பகுதின்னு. பிரேக்கு புடிக்கத் தெரியாதவனுக்கு வச்ச போர்டுங்க அது. எனக்கா?

நான் என் வழக்கப்படிதான் ஓட்டினேன். இறக்கத்துல என்-ல, அதான் நியூட்ரல்ல தள்ளிருவேன். அடியில வந்து சமதரை புடிக்கறப்ப, அதே வேகத்துல டக்குன்னு டி-யில தள்ளுவேன். வண்டி ஒரு குதி குதிக்கும். அவ்வளவுதான். எஞ்சினை அணைச்சுட்டு உருட்டறதெல்லாம் நான் செய்யலைங்க, அந்த அளவுக்கு நான் முட்டாளில்லை. ஸ்டீரிங் இறுகிப்போயிரும்னு எனக்குத் தெரியாதா? நியூட்ரல் மட்டும்தான். அது தப்பா? சொல்லுங்க, தப்பா?

கொஞ்ச நாள்ல வண்டி வேலையைக் காட்ட ஆரம்பிச்சுது. காலையில டி-யில போட்டா உடனே நகராது. நின்னு யோசிக்கும். யோசிச்சு யோசிச்சு, அப்பறம் பின்னாலேர்ந்து எவனோ எட்டி உதைச்ச மாதிரி ஒரு இடி இடிச்சுட்டுக் கிளம்பும். மேட்டுல ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சின் மட்டும் ஊளையிடுது, வண்டி ஏறலை. கியர் மாறறப்ப ஒரு வழுக்கல். இவ காதை வச்சுக் கேட்டுட்டு, "அப்பா, நியூட்ரல் ஏதும் போடறீங்களா?"ன்னா. என்னைப் பாத்து! இல்லைன்னேன். அவகிட்ட நான் எதுக்குங்க விளக்கம் சொல்லணும்? சேலத்துல ஜான் பாஷான்னு ஒரு மெக்கானிக் இருக்காராம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான் பிரிப்பாராம், இந்த லோடு முடிஞ்சதும் கொண்டுபோய்க் காட்டணும், அதுவரைக்கும் நீங்க எடுக்காதீங்கன்னா. கியர்பாக்ஸ் பிரிக்க ஒரு டாக்டரு!

நானே பானெட்டைத் திறந்து பாத்தேன். அந்தக் கியர்பாக்ஸ் ஆயில் குச்சியை உருவினா, சிவப்பா, தண்ணியாட்டம். அதுவும் தீஞ்ச நாத்தம். ரோஸ் மில்க் மாதிரி இருக்கறது ஆயிலாங்க? லாரி கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயில் எப்படி இருக்கும், கெட்டியா, தேன் மாதிரி ஒழுகும். நம்ம சினேகிதன் பட்டறையில இருந்து வாங்கிட்டு வந்து கொஞ்சூண்டு ஊத்தினேன். ஒரு சொம்புதான் இருக்கும். அதுக்கப்பறம் ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. போச்சா இல்லையான்னு இப்பவும் அவளைக் கேளுங்க.

அந்தச் சமயத்துலதான் ஒரு பேச்சு என் காதுல விழுந்துது. நான் வாசல்ல படுத்திருக்கேன், தூங்கிட்டேன்னு நினைச்சுட்டு மாப்ளெ உள்ள அவகிட்டச் சொல்றாரு. "இங்க பாரு வாணி, உங்கப்பன் அந்த வண்டியைத் தொடறதே எனக்குப் புடிக்கலை. அந்தாளால வண்டிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, மறுநாள் நாமக்கல் பஸ்ல ஏத்தி விட்டுருவேன். அப்பறம் அழுது புரளாத." உங்கப்பன்! அந்தாளு! வேட்டியைச் சரியாக் கட்டத் தெரியாதவன் பேசறான். இவ என்ன சொல்லணும்? எங்கப்பா யாரு தெரியுமான்னு கேக்கணுமா இல்லையா? "அங்க யாருங்க இருக்கா, அம்மாவும் இல்லை, தனியா எப்படிங்க விடறது"ன்னு கெஞ்சிட்டு இருக்கா. எனக்கு அப்படியே பத்திட்டு வந்துது. எழுந்து நாலு கேள்வி கேக்கலாமான்னு பாத்தேன். மாப்ளெயாச்சேன்னு விட்டேன்.

மறுநாள் காலையில லோடு. எடுக்காதீங்கன்னுதான் சொன்னா. ஆனா ஓமலூர்ல ரெண்டு பேரு புழு வளக்கற மனையைக் கழுவி, இலை பறிச்சு வச்சுட்டுக் காத்திருக்கானுங்க. புழு தோல் உரிச்சு முடிச்சாச்சு. இவ அந்த லோடுக்கு பாலக்கோட்டுப் பக்கம் வாடகை வண்டி பேசப் போயிருக்கா. நான் சாவியை எடுத்தேன், கிளம்பிட்டேன். வேலைன்னா வேலைங்க. அவனவன் கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லிட்டு இருப்பான், நான் கிளம்பிருவேன்.

தொப்பூர் பாதி இறங்கினேன், நல்லாத்தான் உருளுது. அடியில வந்து டி-யில தள்ளறேன், எஞ்சின் கத்துது, கத்துது, வண்டி நவுறவே இல்லை. ரிவர்ஸ் போட்டுப் பாத்தேன், இல்லை. அடியிலேர்ந்து ஒரு நாத்தம் பாருங்க, சட்டியில அடிப்புடிச்ச மாதிரி. ஓரங்கட்டி உக்காந்துட்டேன். வெயில் ஏறுது. பின்னாடி புழு. அவளுக்குப் போன் போட்டேன். முதல்ல புழு எப்படி இருக்குங்கறா! அப்பன் எப்படி இருக்கான்னு கேக்கலை பாத்தீங்களா. அப்பறம் சொல்றா, "அப்பா, வண்டியை யாரும் கட்டி இழுக்க விடாதீங்க, உள்ள எல்லாம் போயிரும். மேல தூக்கி வச்சுக் கொண்டுபோற வண்டியை அனுப்பறேன். புழுவை மட்டும் நிழல்ல இறக்கி ஈரத்துணி போடுங்க."

தூக்கி வச்சுக் கொண்டு போறதாமா. தொட்டில்ல போட்டுக் கொண்டுபோற குழந்தையா அது? அத்தியப்பன் வண்டி நடு ரோட்டுல நின்னு, அதைத் தூக்கி வச்சு ஊர்வலம் விட்டாங்கன்னு எவனாவது பாத்துட்டு நாமக்கல்ல போய்ச் சொன்னா என் மானம் என்ன ஆகும்? நம்மாளு ஒருத்தன் காலி லாரியில மேல வந்துட்டு இருந்தான். செயினைப் போட்டேன். நியூட்ரல்ல வச்சேன். நியூட்ரல்ல வச்சா சக்கரம் ஃப்ரீ, இது சின்னப் புள்ளைக்குத் தெரியும். தொப்பூர் மேட்டுல இழுத்து, அப்படியே பாலக்கோடு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திட்டேன். எப்படி? ஒருத்தன் தயவு இல்லாம.

புழு செத்துப் போச்சுங்க. அது என் தப்பா? வெயிலு. ஈரத்துணி போட அந்த இடத்துல தண்ணிக்கு எங்க போறது? தட்டை எடுத்துப் பாத்தப்ப எல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்துது. இவ ஒவ்வொரு தட்டா விரல்ல தொட்டுத் தொட்டுப் பாத்தா. அந்த ஓமலூர்க்காரங்க ரெண்டு பேரும் போன்ல இவளை வாய்க்கு வந்தபடி பேசினானுங்க. தப்பு என்னுதுதாங்க, என்னுதுதாங்கன்னு அவனுங்ககிட்டத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தா. பணிஞ்சே போயிட்டிருந்தா எவன் மதிப்பான், நீங்களே சொல்லுங்க.

அப்பறம் வண்டியை அந்த ஜான் பாஷா பட்டறைக்குக் கொண்டுபோனோம். இப்பத் தூக்கி வச்சுத்தான். நான், இவ, மாப்ளெ மூணு பேரும் போனோம். அந்தப் பாய் ஒரு வார்த்தை சிரிச்சுப் பேச மாட்டான். வாங்கன்னுகூடச் சொல்லலை. கியர்பாக்ஸை இறக்கி, அடித் தட்டைக் கழட்டினான். ஆயிலைப் பாத்தா டீத்தூள் சக்கை மாதிரி கறுப்பு. உள்ள வட்ட வட்டமா பிளேட்டு அடுக்கியிருக்குமாம், அதுதான் இந்த வண்டிக்குக் கிளச்சாம். ஒண்ணொண்ணா எடுத்து மேசை மேல வைக்கறான், எல்லாம் எரிஞ்சு, மேல ஒட்டியிருந்ததெல்லாம் உரிஞ்சு, வெறும் இரும்பு. ஆயில் போற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அந்தச் சக்கை போய் அடைச்சிருக்கு. இதைச் சுத்தம் பண்ணி, பிளேட்டு மாத்தி, முன்னாடி எஞ்சினோட அதைச் சேக்கற உருண்டையையும் மாத்தணும்னான். முதல்லயே கொண்டு வந்திருந்தா ஆயிலும் ஃபில்டரும் மாத்தி அனுப்பியிருப்பேன்னான்.

எல்லாம் சொல்லிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, எங்க மூணு பேரையும் பாக்கறான். "இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு ஓட்டினது யாரு? எஞ்சின் மெதுவாச் சுத்தினா உள்ள பம்பு ஆயில் தராது. வேகத்துல மறுபடி டி போட்டா பிளேட்டு வெந்துரும். பல தடவை பண்ணியிருக்காங்க. யாரு?"

நான் வாயைத் திறந்தேங்க. இதெல்லாம் உலகத்துல எந்த டிரைவரும் பண்றதுதான்யா, வண்டிதான் மட்டம்னு சொல்லலாம்னு திறந்தேன். அதுக்குள்ள இவ சொல்றா, "நான்தாங்க பாய்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. அடிப்பாவி! எனக்கு அத்தனை புத்தி சொன்னவ!

பாய் அவளையே ஒரு நிமிஷம் பாத்தான். "லாரி ஆயிலை இதுல கலந்தது?"

"அதுவும் நான்தாங்க."

அவளும் ஊத்தியிருக்கா போலிருக்கு, நமக்குத் தெரியாம. பட்டறையில எனக்குக் கொடுத்த மாதிரி அவளுக்கும் கொடுத்திருப்பான்.

"சக்கரம் தரையில இருக்கக் கட்டி இழுத்து, கடைசி உசுரையும் எடுத்திருக்கீங்களே, அது யாரு சொன்னது?"

"நான்தான் இழுத்துட்டு வரச் சொன்னேன்."

அது எப்படின்னு கேக்கறீங்களா? போன்ல வேண்டாம்னுதான் சொன்னா. ஆனா பதட்டத்துல என்ன சொன்னோம்னு அவளுக்கே ஞாபகம் இருந்திருக்காது. பொம்பளைப் புள்ளை, பயந்துட்டா, மாத்திச் சொல்லிட்டா. அப்படித்தான் இருக்கும். வேற எப்படி இருக்கும்?

எனக்கு வந்த கோவத்துல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். "ஏண்டி, எனக்குப் பாடம் எடுத்தவ நீயே இந்த வேலையைப் பண்ணிட்டு, அத்தனை நாளும் என்னைச் சந்தேகப்பட்டியே, வெக்கமா இல்லை?" அவ தலையைக் குனிஞ்சுட்டு நின்னா. அந்தத் தகடு வச்ச காலை மாத்தி மாத்தி ஊனிட்டு நின்னா. பாய் ஏதோ சொல்ல வந்தான், இவ வேண்டாங்கற மாதிரி கையைக் காட்டினா. எதுக்குக் காட்டினாளோ.

மாப்ளெ மூஞ்சி செவந்து போச்சு. "பாய், இதைச் சரி பண்ண வேண்டாம். வந்த விலைக்குத் தள்ளிருங்க"ன்னாரு. அவளைப் பாத்து, "இனிமே உனக்கு வண்டியும் வேண்டாம், புழுவும் வேண்டாம். நொண்டிக் காலோட ஊரு சுத்தினது போதும், வீட்ல கிட"ன்னாரு. அவ சாவியில பட்டுநூல்ல ஒரு குஞ்சம் கட்டி வச்சிருந்தா, அதை மட்டும் அவுத்து எடுத்துக்கிட்டா. நான் என்ன சொல்ல முடியும்? ஒத்துக்கிட்டாளே. மாப்ளெ சொல்றதும் நியாயம்தானேம்மிணின்னேன். அப்பத்தான் அவ அழுதா. அதுவரைக்கும் அழலை.

வீட்டுக்கு வந்ததும் மாப்ளெ என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "மாமா, நான் உங்களைத்தான் தப்பா நினைச்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க"ன்னாரு. எப்படி! அன்னிலேர்ந்து மாமா மாமான்னு ஒரே மரியாதை. காப்பி முதல்ல எனக்கு. பேப்பர் முதல்ல எனக்கு. நல்ல மனுசன்தாங்க, நான்தான் தெரியாமப் பேசிட்டேன்.

ஆனா அந்த வீட்ல எனக்கு என்ன வேலை, சொல்லுங்க. வண்டி போச்சு. புழு மனையில சுண்ணாம்பு வாடை. முட்டைக்குச் சொல்லி வச்சிருந்ததையெல்லாம் வேண்டாம்னுட்டா. அந்த விவசாயிங்க எல்லாம் வேற ஆளைத் தேடிப் போயிட்டானுங்க. இவ காலித் தட்டையெல்லாம் எடுத்துப் போட்டுக் கழுவிட்டு இருப்பா. கழுவினதையே மறுநாள் எடுத்துக் கழுவுவா. கிறுக்கு புடிச்சிருச்சான்னு கேட்டேன். இல்லப்பான்னா. முன்ன சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு போச்சு. அந்த மூஞ்சியைப் பாத்துட்டே உக்காந்திருக்க என்னால முடியலைங்க. கை வேற சும்மா இருக்க மாட்டேங்குது. கிளம்பறேன்னுட்டேன். நாமக்கல்ல எவன் லாரியாவது கிடைக்காதா? மாப்ளெகூட இருங்க மாமா, ஏன் மாமா போறீங்கன்னாரு.

இன்னிக்குக் காலையில பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டா. வேண்டாம், வராதேன்னு சொல்லியும், அந்தக் காலை இழுத்துக்கிட்டு பின்னாடியே நடந்து வர்றா. என் பையைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறா, நாலு பேரு பாக்கற இடத்துல. "போகாதீங்கப்பா. நீங்க போனா எப்படிப்பா? நீங்க இங்கயே இருக்கணும்னுதானேப்பா நான் அன்னிக்கு..." அப்படின்னா. அதோட நிறுத்திட்டா. அன்னிக்கு என்ன, அன்னிக்கு நீ என்ன பண்ணினேன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா. சொல்லித் தொலைடின்னு கத்திட்டேன். பஸ் வந்துருச்சு, பையைப் புடுங்கிட்டு ஏறிட்டேன். பாதிப் பேச்சு பேசறது, மீதியை முழுங்கறது. அவ அம்மாவும் இப்படித்தான். மனுசனுக்கு எரிச்சல் வருமா வராதா?

என்ன அப்படிப் பாக்கறீங்க? என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலை.

என்ன?

யோவ், யாருய்யா நீ? பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டான்னு நீ சொல்றியா? நீ கண்டியா? அந்தப் பட்டறையில நீ இருந்தியா? நான் இருந்தேன். பக்கத்துல, இந்தா இவ்வளவு பக்கத்துல நின்னேன். அவ பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? நான் பெத்த புள்ளை. சின்னதுலேர்ந்து அது பொய் சொன்னா மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சுருவேன். அன்னிக்கு அவ மூஞ்சியை...

அவ என் பக்கம் திரும்பவே இல்லை. மூணு தடவையும் பாயைப் பாத்துத்தான் சொன்னா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்திருந்தா... ஏன் பாக்கலை? எதுக்கு அவ என்னைப் பாக்கலை?

கையை எடுய்யா. தோள்ல எல்லாம் கை வைக்காத. உன்கிட்ட நான் ஆறுதல் கேட்டனா? வாயை மூடிட்டு உன் போனைப் பாத்துட்டு வரவேண்டியதுதானே, உன்னை எவன் கருத்துக் கேட்டான்?

கண்டக்டர்! ஏப்பா கண்டக்டர்! வேற சீட்டு ஏதாச்சும் காலி இருக்கா? இல்லையா? பரவால்ல. இந்தாளு பக்கத்துல என்னால உக்காந்து வர முடியாது. விடு, நான் நின்னுக்கறேன். சேலம் வரைக்கும் நின்னுக்கிட்டே வர்றேன்.